துணைக்குப் போனவள்

பென்னலூர்
12 ஜனவரி 2025

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சி சத்யாவுக்கு அக்கா லூர்து எழுதுவது. நானும் உன் மாமாவும் மாதா தயவில் சுகம். மாமாவின் முட்டிவலி மட்டும் வந்த விருந்தாளி மாதிரி போக மாட்டேன் என்கிறது. உன் மலையில் குளிர் எப்படி? நான் அனுப்பிய கம்பளியைப் போர்த்துகிறாயா, இல்லை யாராவது நோயாளிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாயா?

உன் போனுக்கு ஒன்பது தடவை அடித்தேன். ஒன்பது தடவையும் ஒருத்தி ஒடியாவில் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்கிறாள். ஆறு வருஷமாகக் கம்பெனி ஹாஸ்டலில், வேலைக்கு வந்த ஒடியாப் பெண்களுக்குச் சோறு போடுகிற எனக்கு அதுகூடவா புரியாது? அந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஒரு டவர் வைக்க ஒருத்தருக்கும் வக்கில்லை. அதனால்தான் கடிதம். அதோடு, நான் கேட்கப்போவது காகிதத்தில் வரவேண்டியது.

ஒரகடம் போகிற ரோட்டில் ஒரு ட்ரஸ்ட் ஆஸ்பத்திரி இருக்கிறதல்லவா, அங்கே ஆகஸ்டில் ஒரு பயிற்சி ஆரம்பிக்கிறார்கள். ஆறு மாதம். ஒடியா பேசுகிற நோயாளிக்கும் தமிழ் டாக்டருக்கும் நடுவில் நின்று பேசுகிற வேலை. மருத்துவ மொழிபெயர்ப்பாளர் என்று பெயர். முடித்தால் அங்கேயே வேலை, கழுத்தில் பெயர் போட்ட அட்டை. பத்தாவது பாஸ் போதுமாம். சத்யா, எனக்கு அது வேண்டும். நாற்பத்திரண்டு வயதுவரை 'ஏ சமையல், இங்க வா' என்று கூப்பிட வைத்துக்கொண்டேன். இனிமேல் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். சமையல்கட்டு ஒடியா எனக்குத் தெரியும். ஈரல், மண்ணீரல், மூச்சிரைப்பு, கர்ப்பப்பை எல்லாம் தெரியாது. ஒரு பட்டியல் போட்டு அனுப்பு.

இன்னொன்று. எழுதும்போதே வயிறு எரிகிறது. டிசம்பரில் மினதி என்று ஒரு பெண், இருபது வயது, உன் கஜபதி மாவட்டம்தான், மோகனா பக்கம். ஹாஸ்டலுக்கு வந்து மூன்று வாரம்தான். அடிவயிற்றில் வலி என்று துடித்தாள். வார்டன் சாரதா மேடம் அந்த ட்ரஸ்ட் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனார். நானும் துணைக்குப் போனேன். விமல்ராஜ் என்று ஒரு டாக்டர். அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேஸ் டிரபிள் என்றார், ஊசி போட்டு அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் குளியலறையில் விழுந்தாள். கரு கர்ப்பப்பையில் தங்காமல் குழாயில் தங்கி வெடித்து, வயிறெல்லாம் ரத்தம். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் ஒரு குழாயை எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள்.

அப்புறம் நடந்ததுதான் அநியாயம். டாக்டரின் சீட்டில் 'மாதவிடாய் ஒழுங்காக உள்ளது என நோயாளி சொன்னார்' என்று இருக்கிறதாம். ஆகவே அவளே மறைத்தாளாம், பொய் சொன்னாளாம். தையல் ஆறுவதற்குள் வார்டன் ரயிலேற்றிவிட்டார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. இவர்கள் புளுகு எத்தனை நாளைக்கு என்று பார்க்கிறேன். முடிந்தால் அந்தப் பெண்ணைப் போய்ப் பார், உயிரோடு இருக்கிறாளா என்று எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா
லூர்து

*

மிஷன் ஆஸ்பத்திரி, கஜபதி
3 பிப்ரவரி 2025

அன்பு அக்காவுக்கு,

சத்யப்பிரியா எழுதுகிறேன். சுகமாக இருக்கிறேன். கம்பளி என்னிடம்தான் இருக்கிறது. சந்தேகப்பட்டதற்கு அபராதமாக முறுக்கு அனுப்பு. மாமாவை ராத்திரி காவல் முடிந்ததும் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். எண்ணெய் தடவி ஒன்றும் ஆகாது.

உன் கடிதம் வர பதினாறு நாள் ஆனது. படித்துவிட்டு வார்டில் எல்லோரிடமும் சொன்னேன், என் அக்கா படிக்கப்போகிறாள் என்று. பட்டியல் இத்துடன் இருக்கிறது. அறுபத்துநாலு வார்த்தைகள், தமிழ் எழுத்தில். தலைக்கு அவர்கள் சொல்லும் 'முண்ட' என்ற வார்த்தையைத் திட்டு என்று நினைத்து நீ முதல் நாள் கரண்டியைத் தூக்கியதாக அம்மா சொன்னது ஞாபகம் வந்து சிரித்தேன்.

வார்த்தையைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் மலைவாழ் மக்களின் சவுரா மொழியை மொழிபெயர்க்க ஒருத்தர் இருக்கிறார். அவர் 'இவளுக்கு வலிக்கிறதாம்' என்று சொல்லவே மாட்டார். 'எனக்கு வலிக்கிறது' என்றுதான் சொல்வார். நோயாளி பேசும்போது அவர் நோயாளி, டாக்டர் பேசும்போது அவர் டாக்டர். எதையும் சேர்க்கக்கூடாது, எதையும் விடக்கூடாது. பயிற்சியில் முதல் பாடமே இதுவாகத்தான் இருக்கும், இப்போதே பழகிக்கொள்.

மினதி விஷயம் என்னை விடவில்லை. அவள் உங்கள் ஹாஸ்டலுக்கு வந்து மூன்று வாரம்தான் என்கிறாய். தமிழ் ஒரு வார்த்தை வந்திருக்காது. அந்த டாக்டருக்கு ஒடியா தெரியாது. அப்படியென்றால் அங்கே அவளுக்காகப் பேசியது யார்?

பதிலில் எழுது.

தங்கை
சத்யா

*

பென்னலூர்
22 பிப்ரவரி 2025

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சிக்கு அக்கா. இங்கே எல்லோரும் நலம். முறுக்கு தனிப் பொட்டலமாக வருகிறது. உடைந்திருந்தால் தபால்காரரைத் திட்டு, என்னைத் திட்டாதே.

பட்டியலை அடுப்புக்கு மேல் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். சாம்பார் கொதிப்பதற்குள் பத்து வார்த்தை. ஆனால் நீ சொன்ன அந்த 'நான்' இருக்கிறதே, அது என் மானத்தை வாங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தனியாகத்தானே இருக்கிறோம் என்று சத்தமாகப் பழகினேன். எனக்கு மூணு மாசமா வெள்ளை படுது டாக்டர், எனக்கு ஒண்ணுக்குப் போகும்போது எரியுது டாக்டர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறேன். வாசலில் உன் மாமா சைக்கிளோடு நிற்கிறார். முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாமே, இத்தினி நாளா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல நீ?"

நான் விளக்கிச் சொல்லிமுடிப்பதற்குள் மனுஷன் மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டார். நீ சிரிப்பாய். எனக்குக் கோபம்தான் வந்தது. யாரோ ஒருத்தியின் தீட்டை நான் ஏன் என் வாயால் 'எனக்கு' என்று சொல்ல வேண்டும்? ஆம்பளைகள் நடமாடுகிற இடத்தில்? இந்தச் சட்டம் போட்டவன் பொம்பளையாக இருக்க முடியாது.

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் மொழிபெயர்த்ததற்குச் சான்றிதழ் கேட்டார்கள். ஹாஸ்டல் பெண்களோடு பல தடவை போயிருக்கிறேனே, அந்த விமல்ராஜ் டாக்டரிடமே போய் நின்றேன். 'திருமதி லூர்தம்மாள் பதினோரு முறை பிழையின்றி மொழிபெயர்த்துள்ளார்' என்று எழுதிக் கொடுத்தார். அதற்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெயர் என்ன என்று மூன்று தடவை கேட்டார். ஆறு வருஷமாக அவர் அறை வாசலில் நிற்கிறேன்.

செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் நிறைய இருக்கிறது, வெயிலுக்குத் தப்பித்தோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
லூர்து

*

மிஷன் ஆஸ்பத்திரி, கஜபதி
12 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

நலம். முறுக்கு பாதி தூளாக வந்தது. தூளையும் விடவில்லை. மாமா மெழுகுவத்தி ஏற்றியதை இங்கே நர்சுகளுக்குச் சொல்லி, அவர்கள் சிரித்து முடிக்க அரை நாள் ஆனது.

நான் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. மறந்துவிட்டாயோ என்று நினைக்கவும் முடியவில்லை, ஏனென்றால் நீ எதையும் மறக்கிறவள் இல்லை. இரண்டாம் தடவையாகக் கேட்கிறேன். அன்றைக்கு மினதிக்காகப் பேசியது யார்?

இருபது வயதுப் பெண் அடிவயிற்று வலி என்று வந்தால் நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்பது நர்சிங் முதல் வருஷப் பாடம். அந்த டாக்டர் சந்தேகப்பட்டு ஒரு சிறுநீர்ப் பரிசோதனையாவது செய்திருக்க வேண்டும். அவர்மேல் எனக்கும் கோபம்தான். ஆனால் சீட்டில் 'நோயாளி சொன்னார்' என்று இருக்கிறது. நோயாளி ஒடியாவில் சொன்னாள். அதைத் தமிழில் சொன்ன வாய் ஒன்று இருக்கிறதே அக்கா.

ஈஸ்டருக்குப் பிறகு தடுப்பூசி முகாமுக்கு மோகனா பக்கம் போகிறோம். அவள் வீட்டைத் தேடிப் பார்க்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம்.

சத்யா

*

பென்னலூர்
2 ஏப்ரல் 2025

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சிக்கு அக்கா. நலம், நலமறிய ஆவல்.

முதல் சுற்றில் தேறிவிட்டேன். முப்பத்தெட்டுப் பேரில் ஒன்பது பேர். பயிற்சிக்குப் பொறுப்பு டாக்டர் கார்முகில் என்ற அம்மா. ஐம்பது வயதிருக்கும், பேச்சில் மிளகாய். ஒருத்தியை நோயாளி மாதிரி உட்காரவைத்துச் சோதித்தார்கள். அவள் ஒடியாவில், இந்த டாக்டர் ஒரு கழுதை, நான் சொல்வதைக் கேட்கவே மாட்டான் என்று கத்தினாள். நான் தமிழில், டாக்டருக்கு வேலை அதிகம்போல, கொஞ்சம் கவனிக்கச் சொல்கிறார் என்றேன். கார்முகில் அம்மா நிறுத்தச் சொல்லி, அவள் கோபம் எங்கே போயிற்று என்று கேட்டார். நோயாளியின் கோபத்தைத் தேய்த்துக் கழுவ உங்களை யாரும் கூப்பிடவில்லை என்றார். நாலு பேர் நடுவில். ஒரு டாக்டரைக் கழுதை என்று டாக்டர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? வளர்த்த வளர்ப்பு என்று ஒன்று இல்லையா?

ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். ஜூலையில் கடைசி நேர்முகம்.

மினதி வீட்டுக்கு இப்போது போக வேண்டாம். வெயிலில் மலையேறி நீ படுத்துக்கொண்டால் உன்னைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? அவள் பிழைத்துப்போனாள் அல்லவா, அது போதும். ஆறின புண்ணைக் கிளறாதே.

அக்கா

*

மிஷன் ஆஸ்பத்திரி, கஜபதி
4 மே 2025

அக்கா,

உடம்பு சுகம். மற்றது சுகமில்லை.

மினதியைப் பார்த்தேன். உட்காரப் பாய் போட்டாள், நான் தமிழ்நாட்டுக்காரி என்றதும் பாயைச் சுருட்டிவிட்டாள். நின்றுகொண்டே பேசினோம்.

அக்கா, அவள் கல்யாணமானவள். கணவன் சூரத்தில் தறி மில்லில் இருக்கிறான். அவன் ஊருக்கு வந்து போன பிறகுதான் அவள் உங்கள் ஊருக்கு ரயிலேறினாள். அன்று ஆஸ்பத்திரிக்கு வரும்போது அவளுக்கு வலி ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். மாதவிடாய் வந்து நாற்பத்தைந்து நாள் ஆகிறது, பிள்ளையா என்று பாருங்கள் என்று டாக்டரிடம் சொன்னாள். அவள் நேராக டாக்டரைப் பார்த்துத்தான் சொன்னாளாம். கூட வந்த அக்கா தலையாட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து அமுக்கிவிட்டு, தமிழில் டாக்டரிடம் என்னவோ சொன்னாராம். சொல்லியாகிவிட்டது என்று இவள் நிம்மதியாக ஊசி போட்டுக்கொண்டாள். பிள்ளைக்கு நல்லதாக்கும் இந்த ஊசி என்று நினைத்தாளாம்.

அந்தச் சீட்டு அவளோடு ஊருக்கு வந்துவிட்டது. மாமியார் யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். மாதவிடாய் ஒழுங்கு என்று டாக்டரிடம் சொன்னாள் என்று இருக்கிறது. சொந்தப் புருஷன் பிள்ளை என்றால் எந்தப் பெண் மறைப்பாள் என்று இப்போது ஊரே கேட்கிறது. கணவன் இரண்டு மாதமாகப் போன் பேசவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த வரியை மாற்ற வேண்டும். நாள் தள்ளிப்போனதை நான் சொன்னேன் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான் என்கிறாள்.

கூட வந்த அக்கா பெயர் என்ன என்று கேட்டேன். பருப்பில் எனக்கு மட்டும் மிளகாய் குறைத்துப் போடுவார், நல்லவர் என்று நம்பினேன் என்றாள். பெயரையும் சொன்னாள்.

அதை நான் எழுத மாட்டேன். நீ எழுது.

சத்யா

*

மிஷன் ஆஸ்பத்திரி, கஜபதி
15 ஜூன் 2025

அக்காவுக்கு,

நலமா? ஆறு வாரமாகப் பதில் இல்லை. தபால் தொலைந்திருக்கும் என்று நம்ப எனக்கும் ஆசைதான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்று எனக்கு எழுதியது நீ.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது, அக்கா. அதை ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டு அடுப்படியில் ஈரல், மண்ணீரல் என்று மனப்பாடம் செய்கிறாயே, வார்த்தை தொண்டையில் நிற்கவில்லையா?

சத்யா

*

பென்னலூர்
28 ஜூன் 2025

சத்யாவுக்கு,

மாமா நலம். நான் நலமாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

உன் இரண்டாவது கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப்போட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டினேன். யார் நீ என்னைக் கேட்க? கவுன் போட்டு நின்றவளைத் தூக்கி வளர்த்தவள் நான். நான் பத்தாவதோடு நின்றேன், நீ நர்ஸ் ஆனாய். மலைமேல் உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுவது சுலபம். அந்த அறைக்குள் வந்து நின்று பார்.

கதவு மூடாத அறை. வாசலில் வரிசையில் கம்பெனிப் பையன்கள் நாலு பேர். ஊசி போடுகிற ஆள் ஒருத்தன். என் முதுகுக்குப் பின்னால் வார்டன். போன வருஷம் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே பெட்டியை வாசலில் தூக்கிவைத்தவர் அவர். மினதி கழுத்தில் ஒன்றுமில்லை. கையில் சங்கு வளையல் இல்லை, வகிட்டில் குங்குமம் இல்லை. கம்பெனியில் மெஷின் லைனில் நிற்கவைக்குமுன் எல்லாவற்றையும் கழற்றவைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் அது புத்தியில் ஏறவில்லை. கல்யாணமாகாத பெண், ஊர்விட்டு ஊர் வந்து கெட்டுப்போனாள், இதை இத்தனை பேர் முன்னால் என் வாயால் சொல்லவா என்றுதான் தோன்றியது. அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கையை அமுக்கினேன். ஆறுதல் சொல்ல அமுக்கவில்லை, சத்யா. வாயை மூடு என்று அமுக்கினேன். அடுத்த வார்த்தை புருஷன் பெயராக இருந்திருக்கும்.

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "பீரியட்ஸ் ரெகுலரா?" என்றார்.

"ரெகுலர்தான் சார்" என்றேன்.

அவளிடம் கேட்கக்கூட இல்லை. நானே சொன்னேன். ராத்திரி அவளைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்து, பெரியாஸ்பத்திரிக்கு ரகசியமாக அழைத்துப்போகலாம் என்று நினைத்தேன். அன்றைக்கு இருநூறு பேருக்குச் சப்பாத்தி. அடுத்த நாள் கேஸ் சிலிண்டர் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் விழுந்தாள்.

துணைக்குப் போனேன் என்று உனக்கு எழுதினேன். பொய் இல்லை. ஆனால் அது உண்மையும் இல்லை. பேசியது நான்தான். டாக்டரைத் திட்டினேன், வார்டனைத் திட்டினேன், இன்னும் திட்டுவேன், அவர்கள் யோக்கியர்கள் இல்லை. அவர்களைத் திட்டிக்கொண்டே இருந்தால் என் முறை வராது என்று நினைத்தேன் போல. அவள் மானத்தைக் காப்பாற்றினேன் என்று ஆறு மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அந்த மானத்துக்கு ஒரு குறையும் வந்திருக்கவில்லை. நான் காப்பாற்றப் போனதால்தான் அது போயிற்று.

பிழையின்றி என்று எழுதின சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. ஜூலை பதினொன்று நேர்முகம். என்ன செய்யட்டும் என்று உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய்.

லூர்து

*

மிஷன் ஆஸ்பத்திரி, கஜபதி
16 ஜூலை 2025

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ கவுன் காலத்துக் கதையை எடுத்ததால் கோபம் வந்தது, பிறகு போய்விட்டது. நேர்முகம் இதற்குள் முடிந்திருக்கும். என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமலே இதை எழுதுகிறேன்.

மினதிக்காக அந்த ஆஸ்பத்திரிக்கு மனு எழுதிக் கொடுத்தேன். ஆகஸ்ட் ஆறாம் தேதி விசாரணைக்கு வரச்சொல்லி ஓலை வந்திருக்கிறது. சூரத்திலிருந்து கணவனும் வருகிறான். அந்த வரி மாறினால் அவளைக் கூட்டிப்போவேன், மாறாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டானாம். அவனையும் நாலு வார்த்தை கேட்க வேண்டும்தான்.

இங்கே மலேரியா. எனக்கு லீவு இல்லை, நான் வர முடியாது. நீ அங்கே இருப்பாயா?

மாமா முட்டி எப்படி இருக்கிறது?

உன் தங்கை
சத்யா

*

பென்னலூர்
9 ஆகஸ்ட் 2025

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சி சத்யாவுக்கு அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். மாமாவின் முட்டிக்கு ஒத்தடம்தான் கேட்கிறது, நீ சொன்னபடியே. மலேரியா ஊரில் கொசுவலை இல்லாமல் படுக்காதே.

முதலில் நேர்முகம். கார்முகில் அம்மா முன்னால் அந்தச் சான்றிதழை வைத்து, இது தப்பு என்றேன். என்ன தப்பு என்றார். சொன்னேன். சான்றிதழைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். பிறகு, இந்தத் தடவை உங்களை எடுக்க முடியாது என்றார். நான் அழவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் அழுதேன். மறுநாள் வார்டனுக்குச் சேதி போய்விட்டது. பெட்டி தூக்கிவைக்க எனக்கு அங்கே பெட்டி இல்லை, ஒரு கரண்டியும் ஏப்ரனும்தான். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆறாம் தேதி நானே போனேன். ஒருத்தரும் கூப்பிடவில்லை. மினதி இளைத்திருந்தாள். கை நிறைய வளையல், வகிட்டில் குங்குமம். அதைப் பார்க்கவே எனக்குக் கண் கூசியது. ஒடியாவுக்கு என்று லேபர் காண்ட்ராக்டரின் ஆள் ஒருத்தனை அழைத்து வைத்திருந்தார்கள். அவனுக்குத் தெரிந்தது இந்தி. ரெண்டு வாக்கியத்தில் மினதிக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்று, வாசலில் இருந்த என்னைக் கைநீட்டிக் காட்டினாள்.

விசாரணைக்கும் பொறுப்பாக இருந்த கார்முகில் அம்மா கூடாது என்றார். குற்றம் சாட்டப்படுகிறவளே எப்படிப் பேசுவாள் என்றார், நியாயம்தான். மினதி விடவில்லை. அவள் சொன்னதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று: "இவளே சொல்லட்டும். இவ வாயால சொன்னாத்தான் என் வூட்டுக்காரர் நம்புவாரு." இந்திக்காரனை ஒரு காதாகப் பக்கத்தில் உட்காரவைத்து, மொத்தத்தையும் செல்போனில் பதிவு செய்துகொண்டு, சரி என்றார்கள்.

நாற்காலியை அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். டாக்டர் விமல்ராஜ் எதிரே. அன்றைக்கு அவர் முன்னால் கம்ப்யூட்டர் இல்லை. மினதி பேசப்பேச நான் சொன்னேன்.

"நான் டாக்டர்கிட்ட சொன்னேன். நாப்பத்தஞ்சு நாள் ஆச்சுன்னு சொன்னேன். புள்ளையான்னு பாருங்கன்னு சொன்னேன். என்கூட வந்தவ அத உங்ககிட்ட சொல்லல. என் கையப் புடிச்சு அமுக்குனா. ஆறுதலுக்குன்னு நெனச்சேன். நீங்க என்னக் கேக்கல, அவளக் கேட்டீங்க. அவ என்னக் கேக்காமலே பதில் சொன்னா. என் மானத்தக் காப்பாத்த அவ யாரு?"

அவ யாரு என்ற இடத்தில் அவங்க யாரு என்று நாக்கு மாறப் பார்த்தது. அவள் மரியாதை வைத்துச் சொல்லவில்லை. அதனால் நானும் வைக்கவில்லை. அடுக்களையில் அந்த 'எனக்கு'க்காக எவ்வளவு கூச்சப்பட்டேன்! அன்றைக்கு நாலு ஆம்பளைகள் நடுவில் என் வாயால் என் குழாய், என் ரத்தம், என் பிள்ளை என்றேன். ஒரு கூச்சமும் இல்லை. இதை டிசம்பரில் சொல்லியிருந்தால் என்ன என்ற கோபம்தான் இருந்தது, என்மேலேயே.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் பெண்மணியின் பெயர் என்ன என்று கேட்டார். ஆறு வருஷம், ஒரு சான்றிதழ், இன்னும் தெரியவில்லை. கேள்வியை ஒடியாவில் மினதியிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துப் பதில் சொன்னாள். நான் அவரைப் பார்த்துச் சொன்னேன்:

"லூர்தம்மாள்."

கார்முகில் அம்மா டாக்டர் கையாலேயே எழுதவைத்தார். 'நோயாளி நாற்பத்தைந்து நாள் எனத் தெரிவித்தார். மொழிபெயர்த்த லூர்தம்மாள் அதை மறைத்தார். நோயாளியிடம் நேரடியாகக் கேட்கப்படவில்லை. சிறுநீர்ப் பரிசோதனை செய்யப்படவில்லை.' கடைசி இரண்டு வாக்கியங்களுக்கு அவர் பேனா நின்று நின்று ஓடியது. கீழே அவர் கையெழுத்து, அதற்குக் கீழே என் கையெழுத்து. மினதியின் கணவன் நகலை வாங்கி, என்னை ஒடியாவில் ஒரு தடவை படித்துக்காட்டச் சொன்னான். படித்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவளுடைய பையை அவன் தூக்கிக்கொண்டான்.

மினதி என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்டு அவளைச் சங்கடப்படுத்தவில்லை. சென்ட்ரலுக்குப் பஸ் எங்கே நிற்கும் என்று மட்டும் கேட்டாள். காட்டினேன்.

திரும்பும்போது கார்முகில் அம்மா ஒரு விண்ணப்பத்தாளை நீட்டினார். அடுத்த பயிற்சி பிப்ரவரியில், மறுபடி முதலிலிருந்து வரவேண்டும், சலுகை எதுவும் கிடையாது என்றார். நேற்று உட்கார்ந்து நிரப்பினேன். பெயர், வயது, படிப்பு. அதற்குக் கீழே, மருத்துவமனையில் இதுவரை எத்தனை முறை மொழிபெயர்த்துள்ளீர்கள் என்று ஒரு கட்டம். போன தடவை அதில் பதினொன்று என்று எழுதியிருந்தேன்.

இந்தத் தடவை ஒன்று என்று எழுதினேன்.

உன் பட்டியல் அடுப்புப் புகையில் மங்கிவிட்டது. இன்னொரு பிரதி எழுதி அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு
அக்கா லூர்தம்மாள்